ஆறு சந்திப்புகள் போதுமா?

"அந்தப் பிள்ளைக்கு ஒரே மன அழுத்தம் டீச்சர்." ஆசிரியர் ஓய்வறையில் வாரத்துக்கு ஒரு முறையாவது இந்த வார்த்தை காதில் விழுகிறது. பொதுத்தேர்வு பயம், வீட்டுச் சண்டை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமல் போவது என எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். மருத்துவர்கள் இவற்றைப் பிரித்துப் பார்க்கிறார்கள். தேர்வு நெருங்கும்போது வரும் பதற்றம் தேர்வு முடிந்ததும் பெரும்பாலும் விலகிவிடும். அது அழுத்தம். இரண்டு வாரங்களாக, நாளின் பெரும்பகுதியில் துயரமோ எதிலும் நாட்டமின்மையோ விடாமல் நீடித்து, கூடவே தூக்கம், பசி, கவனம், தன்னைப் பற்றிய எண்ணம் ஆகியவையும் குலைந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். வளரிளம் பருவத்தினரிடம் துயரத்துக்குப் பதிலாக எரிச்சலும் கோபமும் மேலோங்கி நிற்பதும் உண்டு. "திமிர் பிடித்தவன்" என்று நாம் குறித்து வைத்திருக்கும் மாணவனும் இந்தப் பட்டியலில் இருக்கக்கூடும்.

நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறேன். மருத்துவம் படித்தவள் அல்லள். நரம்பு மண்டலப் பாடத்துக்காகக் கூடுதல் தகவல் தேடியபோது விக்ரம் படேல் என்ற மனநல மருத்துவரின் ஆய்வுகளைப் படிக்கத் தொடங்கினேன். மனச்சோர்வுக்கு ஆறு முதல் எட்டுச் சந்திப்புகளில் முடிந்துவிடும் சிகிச்சை ஒன்றை அவரும் அவருடைய குழுவினரும் கோவாவில் உருவாக்கினார்கள். அதை வழங்கியவர்கள் மருத்துவர்கள் அல்லர். உளவியல் பட்டதாரிகளும் அல்லர். அந்தப் பகுதியில் வாழும் சாதாரண மக்கள். அவருடைய முப்பது ஆண்டுப் பணியில் ஆசிரியர்களாகிய நமக்கு நேரடியாகச் சொல்லப்பட்ட பாடம் ஒன்றும் இருக்கிறது. அது கேட்பதற்கு அவ்வளவு இனிமையானதன்று. அதனாலேயே அதை நம் இதழில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

மும்பையிலிருந்து ஹராரே வரை

விக்ரம் படேல் மும்பையில் பிறந்தவர். அங்கேயே மருத்துவம் படித்து, ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்றார். லண்டனில் மனநல மருத்துவத்தில் பயிற்சி பெற்றார். 1990களின் முற்பகுதியில் ஆய்வுக்காக ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வே நாட்டுக்குப் போனார். அந்த நாடு முழுமைக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய மனநல மருத்துவர்களே அப்போது இருந்தார்கள்.

அவர் ஓர் ஐயத்தோடுதான் அங்கே போனார். வறுமையும் அநீதியும் தரும் துயரத்துக்குத்தான் மேற்கத்திய மருத்துவம் மனச்சோர்வு என்று பெயர் வைத்திருக்கிறதோ என்பது அந்த ஐயம். ஹராரே நகரில் சுகாதாரப் பணியாளர்களையும் நோயாளிகளையும், நாட்டு வைத்தியர்களையும் சந்தித்துப் பேசினார். ஷோனா மொழி பேசும் அம்மக்கள் 'குஃபுங்கிசிசா' என்று ஒரு சொல்லைப் பயன்படுத்தினார்கள். 'அளவுக்கு மீறி யோசிப்பது' என்று பொருள். நம் ஊரில் "எப்பப் பார்த்தாலும் யோசனைதான், ராத்திரி கண்ணு மூட மாட்டேங்குது" என்று ஒரு தாய் மருத்துவரிடம் சொல்வதில்லையா, கிட்டத்தட்ட அதேதான். குஃபுங்கிசிசா உள்ளவர்கள் விவரித்த தூக்கமின்மையும் களைப்பும் நம்பிக்கையிழப்பும், மருத்துவப் புத்தகத்தில் மனச்சோர்வு என்ற தலைப்பின்கீழ் இருப்பவற்றோடு பெரிதும் ஒத்துப்போயின. வேர் வறுமையில் இருந்தாலும், வந்திருக்கும் நோய் உண்மையானது என்று அவருக்குப் புரிந்தது.

அம்மக்களின் சொற்களைக் கொண்டே 14 கேள்விகள் அடங்கிய எளிய வினாப்பட்டியல் ஒன்றை அவரும் உடன் பணியாற்றியவர்களும் தயாரித்தார்கள். பின்னாளில் ஜிம்பாப்வேயின் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 'நட்பு இருக்கை' என்ற திட்டத்தைத் தொடங்கினார். சுகாதார நிலையத்தின் வெளியே மரநிழலில் ஒரு மர பெஞ்சு. அதில் பயிற்சி பெற்ற பாட்டி ஒருவர் உட்கார்ந்திருப்பார். மனம் நொந்து வருபவர் அருகில் அமர்ந்து பேசலாம். அந்தத் திட்டத்தை 573 பேரிடம் சோதித்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாட்டிமாரிடம் பேசியவர்களுக்கு அறிகுறிகள் தெளிவாகக் குறைந்திருந்தன. அவர்களை அளக்கப் பயன்பட்டது அந்த 14 கேள்விப் பட்டியல்தான்.

மனநல மருத்துவர் இல்லாத இடத்தில்

இந்தியா திரும்பிய படேல் 1996இல் கோவாவில் நண்பர்களுடன் சேர்ந்து 'சங்காத்' என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தியாவில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நிலை. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனச்சோர்வு உள்ள ஐந்து பேரில் நான்கு பேருக்குமேல் சிகிச்சையே கிடைக்கவில்லை என்று கண்டது. மருத்துவர்களை உருவாக்கிக் குவித்து இந்த இடைவெளியை அடைக்க வேண்டுமானால் பல தலைமுறைகள் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாது என்பது அவர் கட்சி.

2003இல் அவர் எழுதிய கையேட்டின் பெயரே 'மனநல மருத்துவர் இல்லாத இடத்தில்' என்ற பொருளுடையது. கிராம செவிலியருக்கும் சுகாதாரப் பணியாளருக்கும் அது எழுதப்பட்டது. அடுத்த கட்டமாக, உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசகர்களாக அமர்த்தினால் நோயாளிகள் குணமாவார்களா என்று சோதித்தார்கள். 2010இல் அந்த ஆய்வின் முடிவுகள் வந்தன. ஆய்வு நடந்த 24 மருத்துவ நிலையங்களில் பாதி அரசு நிலையங்கள், பாதி தனியார் மருத்துவர்களுடையவை. அரசு நிலையங்களில் ஆலோசகர் இருந்த இடத்தில் ஆறு மாதத்தில் 66 விழுக்காட்டினர் குணமடைந்திருந்தார்கள். ஆலோசகர் இல்லாத இடத்தில் 42 விழுக்காட்டினர். தனியார் நிலையங்களில் அப்படி ஒரு வேறுபாடு தென்படவில்லை. ஒரு பக்கம் வெற்றி, மறுபக்கம் ஒன்றுமில்லை. இரண்டையும் ஒளிக்காமல் எழுதினார்கள். இந்த நேர்மையை நினைவில் வையுங்கள். பின்னால் நமக்குத் தேவைப்படும்.

ஏன் குறுகியதாக இருக்க வேண்டும்?

ஒரு காலத்தில் பேச்சுவழிச் சிகிச்சை என்றால் ஆண்டுக்கணக்கில் நடப்பது என்றுதான் பொருள். நோயாளி வாரத்தில் பல நாள் மருத்துவரிடம் வந்து தன் குழந்தைப் பருவம்வரை பேசிக்கொண்டே இருப்பார். அமெரிக்காவின் ஃபிலடெல்பியா நகரில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960களில் வேறு வழியைத் தொடங்கினார். "நான் எதற்கும் உதவாதவன்" என்பதுபோலத் தானாக எழும் எண்ணங்களை நோயாளியே கவனித்து, அவை உண்மைதானா என்று சோதிக்கப் பழக்குவது அவர் முறை. பன்னிரண்டு வாரங்கள், அதிகம் போனால் இருபது சந்திப்புகள் என்று சிகிச்சை சுருங்கியது. நல்ல பலனும் தந்தது.

ஆனால் எண்ணங்களைச் சோதிக்கும் கலையைக் கற்பிக்கவும் கற்கவும் நெடுங்காலம் ஆகும். நீல் ஜேக்கப்சன் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 1996இல் ஒரு கேள்வி கேட்டார்கள். பெக்கின் சிகிச்சையில் ஒரு பகுதி, நோயாளியை மீண்டும் செயல்களில் ஈடுபட வைப்பது. அந்தப் பகுதியை மட்டும் தனியே எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும்? முழுச் சிகிச்சைக்கு நிகரான பலன் கிடைத்தது. எளிய பகுதியே பெரும் வேலையைச் செய்கிறது என்றால், அதை எளிய மனிதர்கள் கையிலும் கொடுக்கலாம் அல்லவா?

கோவாக் குழு இந்த முறையையே அடித்தளமாக எடுத்துக்கொண்டது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவர் கூலி வேலைக்குப் போக வேண்டும், பேருந்தைப் பிடிக்க வேண்டும், வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு வந்திருப்பார். இருபது முறை வாருங்கள் என்றால் மூன்றாம் முறையே வரமாட்டார். எனவே சந்திப்புகள் ஆறிலிருந்து எட்டு; ஒவ்வொன்றும் அரைமணி, முக்கால் மணி நேரம். நிலையத்துக்கு வர முடியாதவரின் வீட்டுக்கே ஆலோசகர் போவார்.

சந்திப்பில் என்ன நடக்கும்?

மனச்சோர்வு ஒரு சுழல்போல வேலை செய்கிறது. மனம் சோர்ந்தவர் முதலில் தனக்குப் பிடித்தவற்றைக் கைவிடுகிறார். கோலம் போடுவதை, தோழியோடு பேசுவதை, மாலையில் மைதானத்துக்குப் போவதை. அவற்றால் கிடைத்துவந்த சிறு மகிழ்ச்சியும் 'நான் செய்தேன்' என்ற நிறைவும் நின்றுபோகின்றன. அதனால் சோர்வு கூடுகிறது. சோர்வு கூடக்கூட இன்னும் அதிகமாக ஒதுங்குகிறார். "மனசு சரியானதும் செய்கிறேன்" என்று அவர் காத்திருக்கிறார். சிகிச்சை இந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. முதலில் சிறிதாக ஒரு செயல். அதன் பின்னால் மனம் மெல்ல வரும்.

முதல் சந்திப்புகளில் ஆலோசகர் கேட்கிறார். நோயாளியின் வாழ்க்கையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்தச் சுழலை விளக்குகிறார். பிறகு இருவரும் சேர்ந்து அன்றாடச் செயல்களைக் குறித்து, எந்தச் செயலின்போது மனம் எப்படி இருந்தது என்று பார்க்கிறார்கள். அடுத்த சந்திப்புக்குள் செய்ய வேண்டிய ஒரு சிறு செயலைத் திட்டமிடுகிறார்கள். தடை வந்தால் அந்தச் சிக்கலைத் தீர்க்கும் வழியையும் பேசுகிறார்கள். கடைசிச் சந்திப்பில், சோர்வு மீண்டும் எட்டிப்பார்த்தால் என்ன செய்வது என்று தயார்ப்படுத்துகிறார்கள். படிக்கும்போது எனக்கு நல்ல பாடத்திட்டம் ஒன்றைப் பார்ப்பதுபோல் இருந்தது. முன்னறிவை அறிதல், சிறு படிகள், செய்துபார்த்தல், மீள்பார்வை என்று எல்லாம் அதில் உண்டு.

இதன் முடிவுகள் 2017இல் வெளியாயின. கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரை, சீட்டுக் குலுக்குவதுபோல எந்தச் சார்பும் இல்லாமல் இரு குழுக்களாகப் பிரித்தார்கள். இரு குழுவினருக்கும் மருத்துவரின் வழக்கமான கவனிப்பு உண்டு. ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதலாக இந்தச் சந்திப்புகள். மூன்று மாதம் கழித்து, சந்திப்புகள் கிடைத்தவர்களில் 64 விழுக்காட்டினர் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். மற்றக் குழுவில் 39 விழுக்காட்டினர். ஓராண்டுக்குப் பின்னும் அந்தப் பலன் நீடித்தது.

ஆறு சந்திப்புகள் போதுமா என்ற கேள்விக்கு இந்த எண்களே விடை. பலருக்குப் போதும், எல்லோருக்கும் போதாது. நூற்றில் 36 பேர் மூன்று மாதத்துக்குப் பின்னும் நோயிலிருந்து மீண்டிருக்கவில்லை. மருந்துக்கும் மனநல மருத்துவருக்கும் உள்ள இடத்தை இது பறித்துவிடவில்லை.

'சுந்தர்' சொல்லும் ஐந்து படிகள்

தம் அணுகுமுறையை ஓர் உரையில் படேல் 'சுந்தர்' என்ற ஆங்கில முதலெழுத்துச் சொல்லில் அடக்கிச் சொன்னார். அழகு என்று பொருள்படும் நம் நாட்டுச் சொல். செய்தியை எளிமையாக்கு, சிகிச்சையைச் சிறு பகுதிகளாகப் பிரி, மக்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடு, கிடைக்கக்கூடிய, கட்டுப்படியாகும் மனிதர்களைக் கொண்டு கொடு, நிபுணர்களைப் பயிற்சிக்கும் மேற்பார்வைக்கும் திருப்பிவிடு. இவைதான் ஐந்து படிகள்.

ஐந்தாவது படியைப் பலரும் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். "சாதாரண மக்களே சிகிச்சை கொடுக்கலாம்" என்பது மட்டும் மனத்தில் நிற்கிறது. அவர்களை யாரும் தனியே விட்டுவிடவில்லை. ஒப்புதல் பெற்று ஒலிப்பதிவு செய்த சந்திப்புகளை ஆலோசகர்கள் குழுவாக அமர்ந்து கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டு, எங்கே கேட்கத் தவறினோம், எங்கே அவசரப்பட்டு அறிவுரை சொன்னோம் என்று விவாதித்தார்கள். சக ஆசிரியரின் வகுப்பை உற்றுநோக்கிக் குறை நிறை பேசுவது போன்றது இது. பயிற்சியும் தொடர் மேற்பார்வையும் இல்லாமல் இந்தச் சிகிச்சை இல்லை.

பீகார் நமக்குச் சொல்வது

இப்போது பள்ளிக்கு வருவோம். படேலும் சங்காத் ஆய்வாளர்களும் பீகார் மாநிலத்தின் நாலந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2018இல் அதன் முதல் முடிவுகள் வெளிவந்தன. பள்ளிச் சூழலை மேம்படுத்தும் திட்டம் அது. விழிப்புணர்வுக் கூட்டங்கள், சுவரிதழ், மாணவர்கள் மனக்குறையை எழுதிப் போடும் பெட்டி, மாணவர் குழுக்கள், தேவைப்படுவோருக்குத் தனி ஆலோசனை ஆகியவை அதில் இருந்தன. நம் பள்ளிகளில் உள்ள 'மாணவர் மனசு' பெட்டியை நினைத்துக்கொண்டால் அந்தப் பெட்டி எப்படிப்பட்டது என்று விளங்கும்.

பள்ளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் இந்தத் திட்டத்தை நடத்த வெளியிலிருந்து ஒருவரை, மருத்துவரோ உளவியலாளரோ அல்லாத சாதாரண ஆலோசகரை, நியமித்தார்கள். இரண்டாவது பிரிவில் அதே திட்டத்தை அந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவரே பயிற்சி பெற்று நடத்தினார். மூன்றாவது பிரிவில் வழக்கமான வளரிளம் பருவக் கல்வி மட்டும்.

ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்தன. ஒருவரையொருவர் சீண்டித் துன்புறுத்துவதும் வன்முறையும் குறைந்தன. அடுத்த ஆண்டும் தொடர்ந்தபோது பலன் இன்னும் கூடியது. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளிலோ, திட்டமே இல்லாத பள்ளிகளோடு ஒப்பிடும்போது எந்த வேறுபாடும் தென்படவில்லை. திட்டம் ஒன்றே, அதை நடத்தியவர் மாறியபோது பலன் மாறிவிட்டது.

நான் சொன்ன அந்த இனிமையற்ற பாடம் இதுதான். இதைப் படித்ததும் "ஆசிரியருக்கு அக்கறையில்லை" என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. நம் வேலையின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். ஆலோசகருக்கு அது ஒன்றே வேலை. நமக்கோ பாடவேளை, விடைத்தாள், எமிஸ் பதிவு, நலத்திட்டப் பொருள் விநியோகம், தேர்தல் பணி என்று நாள் ஓடுகிறது. அரைமணி நேரம் குறுக்கீடில்லாமல் ஒரு பிள்ளையின் எதிரில் உட்கார வாய்ப்பு எங்கே? இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. மதிப்பெண் போடுவதும் பெற்றோரை அழைப்பதும் கண்டிப்பதும் நாம்தான். அதே நம்மிடம் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை தன் வீட்டு ரகசியத்தையோ காதலையோ எப்படித் தயங்காமல் சொல்லும்? இவை ஆய்வறிக்கையின் சொற்கள் அல்ல. வகுப்பறையில் நின்று யோசிக்கும்போது எனக்குத் தெரியும் காரணங்கள். இரண்டையும் நல்லெண்ணத்தால் மட்டும் தாண்டிவிட முடியாது.

ஆகவே, "நாமே ஆலோசகராகிவிடலாம்" என்ற ஆசையை விட்டுவிடுவது மாணவருக்குச் செய்யும் முதல் நன்மை. பள்ளிக்கு ஆலோசகர் வேண்டும் என்று கேட்பது இரண்டாவது. தேவையைப் பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானமாகவே எழுதிக் கேட்கலாம். பீகார் ஆய்வு அந்தக் கோரிக்கைக்கு வலுவான சான்று.

டெல்லியில் மூன்று படிகள்

இதே குழு டெல்லி அரசுப் பள்ளிகளிலும் பணியாற்றியது. அங்கே நான்கைந்து சந்திப்புகள்தான்; மூன்று வாரத்தில் முடிந்துவிடும். மாணவர்களுக்குச் சித்திரக்கதை வடிவில் சிறு நூல்களும் கொடுத்தார்கள். கற்றுக்கொடுத்தது மூன்று படிகள்: சிக்கலைத் தெளிவாகச் சொல், அதைத் தீர்க்க என்னென்ன வழிகள் உண்டு என்று பட்டியலிடு, ஒன்றைத் தேர்ந்து செய்துபார்.

2020இல் வந்த முடிவுகள் அளவானவை. நூல்களை மட்டும் பெற்றவர்களைவிட, ஆலோசகரையும் சந்தித்த மாணவர்களுக்குத் தம் முதன்மைச் சிக்கலின் சுமை கூடுதலாகக் குறைந்தது. ஆனால் பொதுவான மனநல அறிகுறிகளில் ஆறாவது வாரத்தில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. குறுகிய சிகிச்சை மந்திரமன்று என்பதை இது நினைவூட்டுகிறது. இருந்தாலும் அந்த மூன்று படிகளும் நாம் எந்த வகுப்பிலும் வாழ்க்கைத் திறனாகக் கற்பிக்கத் தகுந்தவை. பேருந்து தாமதமாவதால் தினமும் திட்டு வாங்கும் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளில் வழிகளை எழுதிப் பார்க்க உளவியல் பட்டம் தேவையில்லை.

ஆசிரியரின் இடம் எது?

ஆலோசகருக்குக் கிடைக்காத ஒன்று நம்மிடம் இருக்கிறது. ஆண்டுக்கு 200 நாளுக்கு மேல் அந்தப் பிள்ளையைப் பார்க்கிறோம். மாற்றத்தை முதலில் காணக்கூடியவர்கள் நாம். கண்டறிவதும் கைபிடித்து அடுத்தவரிடம் சேர்ப்பதும் நம் இடம். அதற்கு நான் பின்பற்றும் சில வழிகளைப் பகிர்கிறேன்.

ஒன்று, மாற்றத்தைக் கவனிப்பது. இயல்பாகவே அமைதியான பிள்ளை வேறு. கலகலப்பாக இருந்து அமைதியான பிள்ளை வேறு. இரண்டு வாரம் என்ற அளவுகோலை மனத்தில் வைத்து, பெயர் குறிக்காமல் என் குறிப்பேட்டில் தேதி போட்டுக்கொள்கிறேன்.

இரண்டு, கேட்பது. எல்லோர் முன்னிலையிலும் கேட்கக் கூடாது. பிறர் பார்வையில் படும், ஆனால் பேச்சுக் காதில் விழாத இடம் நல்லது. "ஏன் இப்படி இருக்கிறாய்?" என்பது குற்றச்சாட்டுபோல ஒலிக்கும். "போன வாரத்திலிருந்து நீ மதியச் சாப்பாட்டுக்குத் தனியா உட்கார்றதைப் பார்த்தேன்ப்பா" என்று கண்டதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால் போதும்.

மூன்று, அறிவுரையைத் தள்ளிவைப்பது. "இதெல்லாம் ஒரு பிரச்சினையா?", "நாங்க பார்க்காத கஷ்டமா?" என்ற இரு வாக்கியங்களும் கதவைச் சாத்திவிடும்.

நான்கு, உயிராபத்தான எண்ணம் உண்டா என்று ஐயம் வந்தால் நேராகக் கேட்பது. "செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?" என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, கேட்கப்பட்டவருக்கு அது ஆறுதலாகவே அமைகிறது என்பது மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட உண்மை. ஆம் என்று விடை வந்தால் பிள்ளையைத் தனியே விடக் கூடாது. அன்றே தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரிவித்து மருத்துவ உதவி பெற வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்ற வாக்குறுதியை நாம் தரக் கூடாது.

ஐந்து, சேர்ப்பது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைத்தால் கட்டணமின்றித் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும். குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமை என்றால் 1098. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவும் மாவட்ட மனநலத் திட்டமும் நம் மாவட்டத்தில் எந்த நாளில், எங்கே செயல்படுகின்றன என்று கேட்டு எழுதிப் பள்ளியில் வைத்துக்கொள்ள வேண்டும். தேவை வந்த பிறகு தேடக் கூடாது.

என் வகுப்பில் ஒரு மாணவி. கோகோ விளையாட்டில் முதல் ஆளாக நிற்பவள். அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு மைதானத்துக்கு வருவதை விட்டுவிட்டாள். செய்முறைக் குறிப்பேட்டில் படம் வரைவதையும் பாதியில் நிறுத்தினாள். முதல் முறை பேசியபோது "ஒண்ணுமில்ல டீச்சர்" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. நான்கு நாள் கழித்து அவளே ஆய்வகத்துக்கு வந்து, "ராத்திரி தூக்கமே வர மாட்டேங்குது டீச்சர்" என்றாள். அவள் சம்மதத்துடன் அவள் அம்மாவை வரச்சொன்னோம். தலைமையாசிரியர் அறையிலிருந்து 14416க்குப் பேசினோம். மாவட்ட அரசு மருத்துவமனையில் எந்தப் பிரிவுக்கு, எந்த நேரத்தில் போக வேண்டும் என்பதை அம்மாவிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். "பைத்தியம்னு சொல்லிடுவாங்களோ டீச்சர்?" என்று அந்த அம்மா கேட்டார். "காய்ச்சலுக்குக் காட்டுற மாதிரிதாம்மா இதுவும்" என்றேன். நான் செய்தது அவ்வளவுதான். சிகிச்சை மருத்துவமனையில் நடந்தது. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் மட்டும், "நீ ஓட வேண்டாம், புள்ளி எழுது போதும்" என்று அவளை மைதானத்தின் ஓரத்துக்கு அழைத்துவந்தார். சிறு செயல் முதலில், மனம் பின்னால் என்பதை எந்தக் கட்டுரையும் படிக்காமலே அவர் அறிந்திருந்தார். கோடையில் அவள் ஓடவும் தொடங்கினாள்.

ஒரு சொல் நமக்கும். கோவா ஆய்வில் பங்கேற்ற 495 பேரும் வளர்ந்தவர்கள்தாம். சக ஆசிரியர் ஒருவர் மாதக்கணக்கில் ஒதுங்கி இருந்தால், முன்பு வாய் நிறையப் பேசியவர் பேச்சைக் குறைத்திருந்தால், மேற்சொன்ன ஐந்து வழிகளும் அவருக்கும் பொருந்தும்; நமக்கும் பொருந்தும்.

அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் பதினைந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். பீகார் ஆய்வைச் சொல்லுங்கள். உங்கள் வட்டாரத்தில் மனநல மருத்துவர் வரும் நாளையும் இடத்தையும் எல்லோரும் சேர்ந்து விசாரித்து எழுதுங்கள். ஒவ்வொரு பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும் 14416 என்ற எண்ணோடு அந்தத் தகவலும் இந்தப் பருவம் முடிவதற்குள் இடம்பெறட்டும்.